வலது காதுக் கொக்கி

ஜுமைலாவின் பட்டறைக்கு முதல் தடவை வருகிறவர்கள் வெள்ளியைப் பார்க்கமாட்டார்கள், சுவரைத்தான் பார்ப்பார்கள். சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஒரு ஜோடிக் காது. மெல்லிய செம்புக் கம்பியை வளைத்துச் செய்த காதுகள், ஜன்னல் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

அவள் வீட்டுக்காரர் அப்ஸல் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி இல்லாத மத்தியானங்களில் மேலே ஏறி வந்து சாயா குடிப்பார்.

"இத்தனை காது கேட்டுக்கிட்டிருக்கிற இடத்துல ஒரு மனுஷன் பெண்டாட்டியை நிம்மதியா திட்ட முடியுமா?" என்பார்.

"கேக்கட்டும். உங்களை நல்லவர்னு நெனச்சுக்கிட்டிருக்கிற பொம்பளைங்க எல்லாரும் உண்மையைத் தெரிஞ்சுக்கட்டும்" என்பாள் ஜுமைலா, குறட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மட்டாஞ்சேரியில் மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால், மரப்படி ஏறினால் அந்தப் பட்டறை. கீழே சுக்கு மூட்டைகள். அந்த வாசனை பலகை இடுக்கு வழியாக மேலே வந்து அவள் முந்தானையில், சாப்பாட்டில், செய்கிற நகையில்கூட ஏறிவிடும். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணமாகி இங்கே வந்ததும் பழம்பொருள் விற்கிற ஒரு கடையில் வெள்ளிச் சாமான் துலக்குகிற வேலை கிடைத்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரும் ஒரு பித்தளை பிரஷ்ஷும் கொடுத்து மூலையில் உட்காரவைத்தார்கள்.

துலக்கித் துலக்கித்தான் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். பழைய லோலாக்கு எதை எடுத்தாலும் இரண்டு கொக்கியும் ஒரே மாதிரி இராது. ஒன்று உள்ளே வளைந்திருக்கும், மற்றது கொஞ்சம் விரிந்திருக்கும். போட்டிருந்தவள் மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கும். ஆனால் அவள் காது எப்படி இருந்தது என்பதை வெள்ளி மறக்கவில்லை. யாரோ தெரியாத பெண்ணின் கன்னத்துப் பக்கத்தில் முகம் வைத்தது மாதிரி இருக்கும் ஜுமைலாவுக்கு. கையிலிருப்பதைக் கீழே வைத்து பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் மறுபடி எடுப்பாள்.

உடைந்ததைப் பற்றவைக்கப் பழகினாள். பிறகு புதிதாகச் செய்யப் பழகினாள். கை வந்ததும் சொந்தமாக இந்த மாடியைப் பிடித்தாள். அரைநிலா மாதிரி ஒரு தகடு, அதன் அடியில் மூன்று சின்னக் கிராம்பு தொங்கும். வெள்ளியில் கிராம்பு. கிடங்குத் தெருக்காரிக்கு வேறென்ன தோன்றும்? கிராம்பு லோலாக்கு என்றால் ஜுமைலா என்று பேராகிவிட்டது. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்கள் ஸ்கூட்டரில் வந்து வாங்கிப் போவார்கள், போட்டோ எடுத்து போனில் போடுவார்கள். தெருவில் இட்லிக் கடை போடுகிறவர்களும் மகள் கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டி வாங்குவார்கள். யாராயிருந்தாலும் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, செம்புக் கம்பியை இரண்டு காதிலும் சுற்றி, துளை எங்கே, மடல் எவ்வளவு தொங்குகிறது என்று வளைத்து எடுத்துக்கொண்ட பிறகுதான் கொக்கி போடுவாள்.

"ரெண்டு காதையும் ஒரே மாதிரி அவன் யாருக்கும் படைக்கலை. நாம மட்டும் ஏன் ரெண்டு கொக்கியையும் ஒரே மாதிரி பண்ணணும்?" என்பாள்.

அந்தக் கம்பிகளை அவள் தூர எறிவதில்லை. பேர் எழுதி வைப்பதுமில்லை. எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அதில் சிலர் இப்போது இல்லை. பிரசவத்தில் போன ஒருத்தி, கொரோனாவில் போன இரண்டு பேர், வயதாகிப் போனவர்கள். அவர்கள் கம்பியை மட்டும் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போட்டு, இறந்தவர்களுக்காக யாசீன் ஓதும்போது, முதுகுக்குப் பின்னால் அத்தனை காதும் கேட்டுக்கொண்டிருப்பது போலிருக்கும். பயமில்லை. ஆனால் தனியாக இருக்கிறோம் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

அந்தச் சுவரில் பொன்மணியின் காதும் உண்டு.

பொன்மணி, கிடங்குத் தெரு முனையில் தட்டுக்கடை போட்டிருக்கும் அமுதவள்ளியின் மகள். விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். புருஷன் கட்டட வேலைக்குக் கூட்டிவந்தான், சாரம் சரிந்து இறந்துபோனான். அமுதவள்ளி ஊருக்குத் திரும்பவில்லை. இட்லியும் கப்பைக் கிழங்கும் மீன் குழம்புமாக மகளை வளர்த்தாள். பொன்மணி சின்ன வயதில் பஸ் கூட்டத்தில் இறங்கும்போது யாருடைய பையிலோ வளையம் மாட்டி வலது காதுமடல் கிழிந்துவிட்டது. தைத்து, தழும்புக்கு மேலே மறுபடி துளை போட்டார்கள். அது கோணலாக அமைந்துவிட்டது. எந்தக் கம்மலைப் போட்டாலும் பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். கண்ணாடி முன்னால் நின்று திருப்பித் திருப்பி வைத்து அழுகிற பிள்ளையை அமுதவள்ளி இங்கே கூட்டிவந்தாள். ஜுமைலா வலது கொக்கிக்கு மட்டும் கழுத்தில் ஒரு முறுக்குக் கொடுத்தாள். மாட்டியதும் அரைநிலா நேராக முகம் பார்த்து நின்றது.

"அக்கா, என் காது ரெண்டும் ஒரே ஊருக்கு வந்திருச்சு!" என்று அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு கீழே கிடங்குவரை கேட்டது.

பெரியவளாகி காக்கநாட்டில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலைக்குப் போனாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் வேலைக்குப் போனவள் வீட்டுக்கு வரவில்லை. போன் அணைந்திருந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். தெருவோ தன் பங்குக்கு ஒரு கதை எழுதியது. எவனோடோ போய்விட்டாள் என்றார்கள். அமுதவள்ளி கடையைத் திறப்பதை நிறுத்தவில்லை. ஆனால் இட்லித் தட்டை நீட்டும்போது வாடிக்கையாளரின் தோளுக்குப் பின்னாலேயே அவள் கண் இருக்கும்.

மழை முடிந்து, மறு வெயில் தொடங்கிய நேரம். வெங்கிடராமன் என்கிற போலீஸ்காரர் மரப்படி ஏறி வந்தார். அவரும் பாலக்காட்டுக்காரர்தான், தமிழ் பேசுவார். ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தார்.

"இத்தா, ஒண்ணு நோக்கிச் சொல்லணும். கடைத்தெருவுல கேட்டேன், இது உங்க வேலைன்னு எல்லாரும் சொல்றா."

உறைக்குள் கறுத்துப்போன ஒற்றை லோலாக்கு. உப்புத்தண்ணீரில் கிடந்த வெள்ளி அப்படித்தான் கறுக்கும். அரைநிலாவில் மூன்று கிராம்பில் ஒன்று இல்லை.

"எங்க கெடைச்சுது?"

"கும்பளங்கிப் பக்கம் காயல்ல. ஒரு பொம்பளை. ரொம்ப நாள் தண்ணியில கெடந்திருக்கா. முகம், காது, ஒண்ணும் சொல்றதுக்கில்லை. இது முடியில சிக்கிக் கிடந்தது."

ஜுமைலா கண்ணாடியைக் கண்ணில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கொக்கியின் கழுத்தைப் பார்த்ததும் அவள் உதடு தானாக, சாவுச் சேதிக்குச் சொல்கிற இன்னா லில்லாஹியைச் சொன்னது. வெள்ளிக் கம்பியை ஒருதரம் முறுக்கினால், பிறகு நேராக்கினாலும் அந்த இடத்தில் ஒரு மெல்லிய அலை நிற்கும். அது நின்றிருந்தது. பொன்மணியின் வலது காது.

"இது அமுதவள்ளி மக பொன்மணிக்கு நான் செஞ்சது" என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். "நான் போய் அந்தம்மாவைக் கூட்டிண்டு வரேன்."

அவர் படியிறங்கிய பிறகுதான் அவள் மனம் அந்தக் கொக்கிக்குத் திரும்பியது. முறுக்கின் அடையாளம் இருந்தது. முறுக்கு இல்லையே?

அமுதவள்ளி வரும்போது கையில் மாவு காயவில்லை. உறையைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. அப்படியே பலகையில் உட்கார்ந்து, ஏதோ பெரிய பாரத்தைத் தலையிலிருந்து இறக்கியவள் போல மூச்சு விட்டாள்.

"எம் மகதான். போதும் சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

"இரு அமுதா" என்றாள் ஜுமைலா. "சார், அதை இன்னொருதரம் காட்டுங்க."

பார்த்தாள். கொக்கியின் இரண்டு பக்கமும் குறட்டுப் பல் பதிந்த தடம். நகைக் குறடு இல்லை, வயர் வெட்டுகிற முரட்டுக் குறடு. யாரோ அவசரத்தில் அந்த முறுக்கை நேராக்கியிருக்கிறார்கள்.

"லோலாக்கு பொன்மணியோடதுதான். ஆனா, யாரோ இதை நேராக்கியிருக்காங்க. நேராக்கினா பொன்மணி காதுல இது பின்னால திரும்பிக்கும். அவ அப்படிப் போடமாட்டா. இது கடைசியா கெடந்தது நேரான காதுல. வேற காதுல."

"என்ன அக்கா சொல்றீங்க?"

"இது அவதான்னு என்னால சொல்ல முடியலை அமுதா."

அமுதவள்ளி எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மாவு ஒட்டியது.

"அக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆமான்னு சொல்லிருங்க. தட்டு விழுந்தா அவளோன்னு ஓடுறேன். எவளோ சிரிச்சா அவளோன்னு ஓடுறேன். தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலை, போனா 'வந்துட்டாளா'ன்னு கேப்பாக. செத்துட்டான்னு தெரிஞ்சா ஒரு படத்தை மாட்டி விளக்கேத்தி வச்சு, அது முன்னால உக்காந்தாச்சும் அழுவேன். ஓடிப்போனவன்னு சொல்ற வாயெல்லாம் மூடும். ஒரே வார்த்தை அக்கா."

"உன் பிள்ளை உயிரோட இருந்தா?"

"இருந்தா ஏன் வரலை?" அமுதவள்ளியின் குரல் உடைந்தது. "இருந்துக்கிட்டு வராம இருக்கான்னா, அது எனக்கு இதைவிடப் பெரிய சாவு இல்லையா?"

வெங்கிடராமன் தரையைப் பார்த்தபடி, தாயின் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம், ஆனால் முடிவு வர மாசக்கணக்காகும் என்றார்.

"எடுங்க. அதையும் எடுத்துக்குங்க" என்று சொல்லி அமுதவள்ளி படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று திரும்பினாள். "உங்களுக்கு உங்க கம்பிதான் பெருசு. இத்தனை காதை மாட்டி வச்சிருக்கீங்க, நான் சொன்னது ஒரு காதுலயும் விழலை."

அன்றோடு பேச்சு நின்றது. ஜுமைலா தட்டுக்கடையைக் கடந்து போனால் அமுதவள்ளி அடுப்பைக் குனிந்து ஊதுவாள். அது கேஸ் அடுப்பு.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில்தான் ஜுமைலா தன் வேலையைக் கண்டு முதல்முறையாகப் பயந்தாள். வெள்ளியை உருக்க வைத்தால், அது இளகி உருண்டையாகத் திரளும்போது பார்வை போல ஒரு மினுக்கம் வரும். இத்தனை வருஷமாகப் பார்த்த மினுக்கம்தான். இப்போது அது தன்னைப் பார்ப்பதுபோலிருந்தது. அந்த நேரான கொக்கி கண்ணிலேயே நின்றது. நேராகத் தொங்குகிற மடல், நடுவில் துளை, மெல்லிய சதை. ஒருநாள் கல்யாணப் பெண் ஒருத்திக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தவள், முடித்துப் பார்த்தால் கையிலிருந்தது எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் காது இல்லை. சுவரில் இருக்கிற யாருடைய காதும் இல்லை.

"என்ன சேச்சி, எனக்கு இவ்வளவு சின்னக் காதா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

ஜுமைலா அதைச் சுருட்டி மேஜை இழுப்பறைக்குள் போட்டாள். உருக்கவும் மனசில்லை.

அதையும்விடக் கஷ்டம் தொழுகையில் இருந்தது. கையேந்தி, "யா அல்லா, அமுதாவின் மகள் உயிரோடு இருக்கட்டும்" என்று தொடங்குவாள். அதற்கு மேல் நாக்கு நகராது. தண்ணீரில் கிடந்தவள் ஒருத்தி உண்டே. இவள் இல்லையென்றால் அவள் வேறு யாரோ பெற்றவள். 'என் சொல் பலிக்கட்டும்' என்று கேட்டால், 'இன்னொருத்தி வயிற்றில் தீ விழட்டும்' என்று கேட்கிறதாகத்தானே அர்த்தம்? எல்லாருக்கும் கொடுக்கிறவனிடம் ஒருத்திக்காக மட்டும் எப்படிக் கேட்பது? ஏந்திய கையை வெறுமனே முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

அப்ஸல் ஒருநாள் கேட்டார். "நீ ஆமான்னு சொல்லியிருந்தா என்ன போச்சு? அந்தம்மா அழுது ஓய்ஞ்சிருக்கும்."

"அப்புறம் ஒருநாள் பொன்மணி படியேறி வந்து நின்னா? செத்தவளா நின்னு என் முகத்தைப் பாப்பா."

"வரலைன்னா?"

அவள் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தாள். "வரலைன்னா நான் அந்தத் தாயைச் சும்மா காக்கவச்ச பாவி. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒருத்தி நிக்கிறா. நான் என்ன பண்ண?"

அப்ஸல் எழுந்தார். சாயா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ரத்தச் சோதனை முடிவு வந்த நாளில் அமுதவள்ளிதான் மேலே ஏறி வந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒத்துப்போகலையாம்" என்றாள். "அவ எம் மக இல்லையாம்."

ஜுமைலா எழுந்தாள். சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அமுதவள்ளி உள்ளே வந்து, தன் மகள் ஒருகாலத்தில் காது அளக்க உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"அப்போ அந்த லோலாக்கு அங்க எப்படிப் போச்சு?"

"வித்திருக்கலாம். களவு போயிருக்கலாம். குடுத்தும் இருக்கலாம்."

"குடுத்திருப்பா" என்றாள் அமுதவள்ளி உடனே. "பக்கத்துல ஒருத்தி நல்லாருக்குன்னு சொன்னா கழட்டிக் குடுத்துருவா. இந்தக் கிறுக்கிக்குச் சின்னதுலருந்து அந்தப் புத்தி. ஆனா ஒத்தையாவா குடுப்பா?" அவள் நெற்றி சுருங்கியது. "யாரா இருக்கும் அவ? எம் மக கழட்டிக் குடுக்கிற அளவுக்குப் பக்கத்துல நின்னவ. எம் மக எங்க போனான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

"அவளும் வாயைத் திறக்க முடியாம போயிட்டா."

கீழே யாரோ மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. அமுதவள்ளி சொன்னாள்: "யாரும் கேட்டு வரலையாம். நாளைக்குப் புதைக்கிறாங்களாம். சார் சொன்னாரு. நான் போறேன். எம் மக சாமானைப் போட்டிருந்தவ. நீங்க வாரீகளா?"

மறுநாள் பொது மயானத்தில் இவர்களைத் தவிர வெங்கிடராமனும் குழி வெட்டுகிறவர்கள் இரண்டு பேரும்தான். வெள்ளைத் துணியில் சுற்றிய உருவம் ரொம்பச் சின்னதாக இருந்தது. குழிக்காரர் நிமிர்ந்து கேட்டார். "சொந்தக்காராணோ?"

ஜுமைலா போலீஸ்காரரைப் பார்த்தாள். அமுதவள்ளி முந்திக்கொண்டாள். "ஆமா."

வெங்கிடராமன் மறுத்துச் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டு, அந்தப் பக்கம் போய் அமுதவள்ளி ஒரு பிடி மண் போட்டாள். "போய்ட்டு வா தாயி" என்றாள். அப்புறம்தான் அழுதாள். இத்தனை மாதம் தன் மகளுக்கென்று தேக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் பேர் தெரியாதவளுக்குப் போயிற்று. ஜுமைலா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

குழியில் கிடப்பவள் என்ன மதமோ, என்ன பாஷையோ. ஜுமைலா முந்தானைக்குள் கையை ஏந்தினாள். இப்போதும் முழுசாகக் கேட்க வரவில்லை. இவளைப் பெற்றவளுக்குச் சேதி போய்ச் சேரட்டும் என்று கேட்பதா, கடைசிவரை சேராமலே இருக்கட்டும் என்று கேட்பதா? அமுதவள்ளியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. "உனக்குத் தெரியும் ரப்பே" என்று மட்டும் சொன்னாள். அவள் அறிந்தவரை அதைவிடச் சின்ன துஆ இல்லை.

திரும்புகிற பஸ்ஸில் பெண்கள் பக்கத்தில் இடம் கிடைத்தது. அமுதவள்ளியின் கண் வீங்கியிருந்தது. பாதி வழியில் கேட்டாள்.

"அக்கா, இன்னொண்ணு இருக்கும்ல? எடது காதுலது?"

"இருக்கும்."

"அது அவகிட்டத்தான இருக்கும்?"

ஜுமைலா பொய் சொல்லவில்லை. "அவகிட்டயும் இருக்கலாம். அந்தப் பிள்ளை போட்டிருந்து தண்ணியில விழுந்தும் இருக்கலாம்."

"எம் மககிட்டதான் இருக்கும்" என்றாள் அமுதவள்ளி. "ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கிட்டிருப்பாளுக. பிள்ளைக அப்படித்தான் பண்ணும்."

அப்படியும் இருக்கலாம். ஜுமைலா தலையாட்டினாள்.

பஸ் நின்றது. பச்சைச் சேலைக்காரி ஒருத்தி ஏறினாள். அவளுக்குப் பின்னால் காலேஜ் பெண்கள் இரண்டு பேர், கூந்தல் காதை மறைத்திருந்தது. அமுதவள்ளி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஜுமைலாவும் பார்த்தாள். காற்றில் ஒருத்தியின் முடி விலகியது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். இல்ல."

"அந்தப் பச்சைச் சேலை?"

"அதுவும் இல்ல அமுதா."

கண்டக்டர் மணியடித்தார். பஸ் தோப்பும்படி ஜங்ஷன் தாண்டி, அடுத்த நிறுத்தத்தில் மறுபடி நின்றது. இருவரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.